வழியில் கிடக்கும் மான் கொம்பு

வயல் வரப்பில் உதிர்ந்து கிடக்கும் மயிலிறகை எடுத்துவந்து புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். அதே வரப்பில் உதிர்ந்து கிடக்கும் மான் கொம்பை எடுத்துவந்து வீட்டுச் சுவரில் மாட்டினால் வழக்கு வரும். இரண்டும் விலங்கு தானாக உதிர்த்தவைதான். எடுத்தவர் எந்த உயிரையும் கொல்லவில்லை, யாருடைய வேலியையும் தாண்டவில்லை. ஆனாலும் முதலாவதற்குச் சட்டத்தில் விலக்கு எழுதப்பட்டிருக்கிறது, இரண்டாவதற்கு எழுதப்படவில்லை. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல்தான் நல்ல மனிதர்கள் பலர் வனத்துறை அலுவலக வாசலில் போய் நிற்க நேர்கிறது.

மான் கொம்பு கண்ணில் படுவதற்கு நடுக்காட்டுக்குப் போக வேண்டியதில்லை. சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய ஐஐடி வளாகத்திலேயே புள்ளிமான்கள் மேய்கின்றன. முதுமலை, சத்தியமங்கலம், களக்காடு, கோடியக்கரை என்று மான் உள்ள இடங்களில் எல்லாம் அவை சாலையைக் கடக்கின்றன, தோட்டத்துக்குள் நுழைகின்றன. காப்புக்காடுகளை ஒட்டிய ஊர்களில் கடலைக் காட்டுக்கும் கேழ்வரகுக் கொல்லைக்கும் இரவில் மான் வந்து போவது வழக்கம். காலை நடைக்குப் போகிறவர், ஆடு ஓட்டிச் செல்கிறவர், மாணவர்களை அழைத்துக்கொண்டு மலையேறும் ஆசிரியர் என்று யார் காலிலும் ஒரு கொம்பு இடறலாம். அப்போது மனத்தில் எழும் மகிழ்ச்சி இயல்பானது. மூன்று கிளையோடு, கைக்கு அடக்கமாக, கனமாக இருக்கும் அந்தப் பொருளை விட்டுவிட்டு வர மனம் வராது. அந்த நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். மான் கொம்பு எலும்பு. ஆண்மானின் மண்டையில் இருக்கும் இரு முளைகளிலிருந்து அது வளர்கிறது. வளரும் காலத்தில் அதன்மேல் ரோமம் படர்ந்த மென்தோல் போர்த்தியிருக்கும். அதில் ரத்தம் ஓடும். வளர்ச்சி முடிந்ததும் தோல் காய்ந்து உரிந்துபோகும். மான் மரத்தில் தேய்த்து அதை உரித்துவிடும். இனப்பெருக்கப் பருவம் முடிந்து உடலில் ஆண் சுரப்பு குறையும்போது, கொம்பும் மண்டையும் சேரும் இடத்தில் எலும்பை உடலே கரைத்துவிடுகிறது. பிறகு ஒருநாள் தலையைச் சிலுப்பும்போதோ புதரில் உரசும்போதோ கொம்பு கழன்று விழுந்துவிடும். வலது ஓரிடத்தில் விழும், இடது வேறோர் இடத்தில் விழும். நம் ஊர்ப் புள்ளிமான்களுக்கு இதற்கென்று ஒரே மாதம் கிடையாது. ஆண்டு முழுவதும் ஏதோ ஓர் ஆண்மான் கொம்பை உதிர்த்துக்கொண்டே இருக்கும்.

புள்ளிமான் கொம்பு ஓரளவு வழுவழுப்பாக, அடியில் முன்னோக்கி ஒரு கிளையும் மேலே ஒரு பிரிவுமாக இருக்கும். கடமான் கொம்பு, தென் மாவட்டங்களில் மிளா என்பார்களே அதனுடையது, தடித்துக் கரடுமுரடாக இருக்கும். நன்றாக வளர்ந்தது ஒரு மீட்டர் நீளத்தைத் தொடும். கேளையாட்டின் கொம்பு விரல் நீளத்துக்குச் சிறியது. தானாக உதிர்ந்த கொம்பின் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தால் ஒன்று தெரியும். சுற்றிலும் முண்டும் முடிச்சுமாக ஒரு வளையம். அதற்குக் கீழே சற்றே குவிந்து, நுண்துளைகளோடு சொரசொரப்பான முகம். அந்த முகம் மழமழவென்று தட்டையாக இருந்தாலோ, ரம்பம் ஓடிய கோடு தெரிந்தாலோ, மண்டை எலும்பின் துண்டோ ரோமமோ ஒட்டியிருந்தாலோ, அது உதிர்ந்தது இல்லை. யாரோ அறுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தெரியாதது. வெளிமான், காட்டெருது, வரையாடு ஆகியவற்றின் கொம்பு உதிராது. அவை உள்ளே எலும்பும் வெளியே நகத்தைப் போன்ற உறையுமாக வாழ்நாள் முழுக்க வளர்பவை. ஆகவே முறுக்கிய வெளிமான் கொம்பு ஒன்று வழியில் கிடந்தால் பக்கத்தில் எங்கோ ஒரு விலங்கு செத்திருக்கிறது அல்லது கொல்லப்பட்டிருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்தவர் சொல்லும் தகவல் வேட்டைக்காரர் ஒருவரைப் பிடிக்க உதவலாம். எடுத்துக்கொண்டு போய்விட்டால் அந்தத் தடயமும் போயிற்று, எடுத்தவர் மேலும் சந்தேகம் விழுந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்தான் அடிப்படை. வேட்டையில் கொன்ற விலங்கின் தலையைப் பதப்படுத்தி மாட்டுவதைத்தான் நாம் டிராஃபி என்று நினைப்போம். சட்டத்தின் விளக்கம் அதைவிட அகலமானது. காட்டு விலங்கின் முழு உடலோ ஏதேனும் ஒரு பகுதியோ, செயற்கையாகவோ இயற்கையாகவோ கெடாமல் இருந்தால் அது டிராஃபி. மான் கொம்பு, எலும்பு, நகம், பல், தந்தம், ரோமம், இறகு, முட்டை, கூடு வரை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மயிலின் தோகை இறகுக்கு மட்டும் வணிகம் பற்றிய பிரிவுகளில் தனியே விலக்கு தந்திருக்கிறார்கள். உதிர்ந்த மான் கொம்புக்கு அப்படி ஒரு வரி இல்லை.

பிரிவு 39 காட்டு விலங்கையும் அதன் பகுதிகளையும் அரசின் சொத்து ஆக்குகிறது. அப்படிப்பட்ட பொருள் எந்த வழியில் ஒருவர் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும், கேட்டால் ஒப்படைக்க வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளரோ அதிகாரம் பெற்ற அலுவலரோ முன்கூட்டி எழுத்தில் அனுமதி தராமல் அதை வைத்திருப்பதும், பரிசாகவோ விலைக்கோ கொடுப்பதும், அழிப்பதும் தவறு. இந்தப் பிரிவின் வாசகம் வேட்டையாடப்பட்ட, இறந்து கிடந்த விலங்குகளிலிருந்து தொடங்குவதால், உயிரோடு உலவும் மான் உதிர்த்த கொம்பு இதில் சேருமா என்று வழக்கறிஞர் வாதாட இடம் இருக்கிறது. வாதாடட்டும். ஆனால் அது வழக்கு பதிவாகி, ஜாமீன் எடுத்து, நீதிமன்றத்துக்கு நடந்தபின் வைக்கும் வாதம். சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொல்லும்போது அது உதவாது.

உதவாததற்குக் காரணம் பிரிவு 57. பொதுவாகக் குற்ற வழக்கில் குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு. இந்தச் சட்டத்தில், ஒருவர் கையிலோ வீட்டிலோ டிராஃபி இருந்தது என்று நிறுவப்பட்டுவிட்டால், அதைச் சட்டவிரோதமாகத்தான் வைத்திருந்தார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்; இல்லை என்று காட்டும் சுமை வைத்திருந்தவர் தலையில் ஏறும். “கீழே கிடந்துச்சுங்க, எடுத்தேன்” என்பது உண்மையாகவே இருக்கலாம். அதற்குச் சாட்சி எங்கே? தனியாக நடைப்பயிற்சிக்குப் போனவருக்கு யார் சாட்சி சொல்வார்கள்?

சரணாலயம், தேசியப் பூங்கா எல்லைக்குள் நிலைமை இன்னும் கறாரானது. பிரிவு 29, சரணாலயத்திலிருந்து அனுமதியின்றி எதையும் அகற்றக் கூடாது என்கிறது. தேசியப் பூங்காவுக்குப் பிரிவு 35 அதையே சொல்கிறது. அங்கே உதிர்ந்ததா, அறுத்ததா என்ற பேச்சுக்கே இடமில்லை.

தண்டனையையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் கொண்டுவந்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பொதுவான மீறலுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கின் பகுதி என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வெளிமான் அந்த முதல் அட்டவணையில் இருக்கிறது. கிடக்கும் கொம்பு எந்த மானுடையது, அந்த மான் எந்த அட்டவணையில் வருகிறது என்பதைப் பாதையில் நிற்கும் ஒருவர் எடை போட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது. கொம்பை ஏற்றிவந்த வண்டியும் பறிமுதலாகலாம்.

இவ்வளவு கடுமை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, பதிலும் நியாயமானது. கத்திப்பிடி, துப்பாக்கிப் பிடி, பொத்தான், அலங்காரப் பொருள் என்று மான் கொம்புக்கு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் சந்தை இருந்தது. சித்த மருத்துவத்தில் சிருங்கி பற்பம் மான் கொம்பைப் புடமிட்டுச் செய்வது. வீட்டு வைத்தியத்தில் கொம்பை உரைத்துப் பற்றுப் போடும் பழக்கமும் இருந்தது. உதிர்ந்த கொம்பு மட்டும் விற்கலாம் என்று விட்டால், கொன்று அறுத்த கொம்பும் அதே மூட்டைக்குள் வந்து சேரும். கத்திப்பிடியாகக் கடைந்த பிறகு, பொடித்துச் சுட்ட பிறகு, அது மான் தானாகக் கொடுத்ததா, சுருக்கு வைத்துப் பிடித்து எடுத்ததா என்று யார் கண்டுபிடிக்க முடியும்? வைத்திருப்பதையே தடுத்தால் ஒழிய வேட்டையைத் தடுக்க முடியாது என்ற முடிவுக்குச் சட்டம் வந்தது இதனால்தான். அப்பாவிகளைச் சிக்கவைக்கும் விதி என்று இதைத் தள்ளிவிட நான் தயாராக இல்லை. மான் உயிரோடு இருக்க இந்த விதி வேண்டும். அதைச் சரியாக எடுத்துச் சொல்லாததுதான் குறை.

காட்டுக்கும் அந்தக் கொம்பு தேவைப்படுகிறது. அதில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் நிறைய உண்டு. முள்ளம்பன்றி அதைக் கொறிக்கும், தன் வளைக்கு இழுத்துக்கொண்டும் போகும். எலி கொறிக்கும். மானே வந்து மென்று தின்னும். சில மாதம் கிடந்த கொம்பை உற்றுப் பார்த்தால் பக்கவாட்டில் இணைகோடுகளாகப் பல் பதிந்த பள்ளங்கள் தெரியும். அதைக் குப்பை என்று நினைக்கிறோம். அங்கே வாழ்பவற்றுக்கு அது தீனி.

யார் மாட்டிக்கொள்கிறார்கள்?

காரில் வந்து கொம்பை எடுத்துப்போகும் சுற்றுலாப் பயணி ஒரு வகை. படம் எடுத்துச் சமூக வலைதளத்தில் போடுவார்; அந்தப் படமே வனத்துறைக்கு ஆதாரமாகிவிடும். விமானத்தில் போகிறவர் பெட்டிக்குள் வைத்திருந்தால் எக்ஸ்ரே கருவியில் கிளைகளோடு தெளிவாகத் தெரியும். கூரியரில் அனுப்புவதும் இப்படித்தான் முடியும். இவர்களில் பெரும்பாலோர் படித்தவர்கள். வக்கீல் வைக்க வசதி உள்ளவர்கள்.

எனக்குக் கவலை இன்னொரு வகையினரைப் பற்றி. கடுக்காய், நெல்லி, சீமாறுப் புல், தேன் எடுக்கக் காட்டுக்குள் போகும் பழங்குடியினர், மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்கள். கொம்பு கிடந்தால் எடுத்துவைப்பார்கள். ஒரு நாள் யாரோ ஒருவர் வந்து சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு போவார். வாங்கியவர் யார், எந்த ஊர், அடுத்து எங்கே போகிறது என்பது எதுவும் விற்றவருக்குத் தெரியாது. சோதனை வரும்போது குடிசையில் மிச்சம் இருந்த இரண்டு கொம்போடு அகப்படுபவர் அவர். இடைத்தரகர் பெயர்கூட வழக்கில் வராமல் போகலாம்.

வன உரிமைச் சட்டம் 2006 தங்களைக் காக்கும் என்று இவர்களில் சிலர் நம்புகிறார்கள். அந்தச் சட்டம் சிறு வனப் பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை தருவது உண்மை. மூங்கில், தேன், மெழுகு, அரக்கு, கிழங்கு, மூலிகை என்று அந்தப் பட்டியல் நீளும். ஆனால் தாவர வழியில் கிடைக்கும் மரமல்லாத பொருள்களுக்குத்தான் அந்த விளக்கம். மான் கொம்பு அதில் வராது. கிராம சபைக் கூட்டங்களிலும் வன உரிமைக் குழுக்களிலும் வேலை செய்கிறவர்கள் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தேனுக்கு உரிமை உண்டு என்று சொல்லும் அதே மூச்சில், கொம்புக்கு இல்லை என்றும் சொல்ல வேண்டும்.

பட்டா நிலத்தில் கிடந்தால்? நிலம் உங்களுடையதாக இருக்கலாம், கொம்பு உங்களுடையது ஆகாது. விவசாயி தன் கொல்லையில் கண்டெடுத்தாலும் அதே 48 மணி நேரம்தான்.

கண்ணில் பட்டால் என்ன செய்வது?

நல்ல வழி, தொடாமல் இருப்பது. கைபேசியில் படம் எடுங்கள். அடிப்பகுதி தெரியும்படி ஒரு படம், சுற்றுப்புறம் தெரியும்படி ஒரு படம். இடக்குறிப்பை வைத்துக்கொள்ளுங்கள். நடந்து வந்துவிடுங்கள். காப்புக்காட்டுக்கு வெளியே, ஊர்ப் பாதையில் கிடந்தால், வேறு யாராவது எடுத்துச் சிக்கிக்கொள்ளாமல் இருக்க வனக்காப்பாளருக்கோ வனச்சரக அலுவலகத்துக்கோ ஒரு தகவல் சொல்லிவிடலாம். அறுத்த கொம்பு, வெளிமான் கொம்பு, ஒரே இடத்தில் குவித்து வைத்த கொம்புகள், சுருக்குக் கம்பி ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தகவல் சொல்வது கட்டாயம் என்றே நான் கருதுகிறேன். செத்த மான் கிடந்தால் அருகில் போகவே வேண்டாம். விஷம் வைத்திருக்கலாம், அடைப்பான் நோயில் செத்திருக்கலாம். அந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றும்.

கையில் எடுத்துவிட்டீர்கள், வீட்டுக்கும் வந்துவிட்டது என்றால் பதற வேண்டாம், தள்ளியும் போட வேண்டாம். பிள்ளைகள் விளையாடும்போது எடுத்துவந்திருந்தால் அவர்களைத் திட்டுவதை விட்டுவிட்டு நேரத்தைப் பாருங்கள். தூக்கிக் கிணற்றில் போடுவது, எரிப்பது, பக்கத்து வீட்டாருக்குக் கொடுப்பது எல்லாமே புதிய தவறுகள். ஒரு கடிதம் எழுதி இரண்டு படி எடுத்துக்கொள்ளுங்கள். இப்படி இருந்தால் போதும்:

“வனச்சரக அலுவலர் அவர்களுக்கு. இன்ன தேதி காலை சுமார் 6.30 மணிக்கு, இன்ன ஊர் ஏரிக்கரைப் பாதையில் நடந்துசெல்லும்போது, உதிர்ந்த மான் கொம்பு ஒன்று தரையில் கிடந்தது. சட்டம் தெரியாமல் எடுத்து வந்துவிட்டேன். நீளம் சுமார் 55 செ.மீ. எடுத்த இடத்தின் படமும் கொம்பின் படமும் இணைத்துள்ளேன். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 39-இன்படி 48 மணி நேரத்துக்குள் இதைத் தெரிவிக்கிறேன். கொம்பைப் பெற்றுக்கொண்டு ஒப்புகை வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

கொம்பைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் போவதற்கு முன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது. அவர்களே வந்து எடுத்துக்கொள்ளலாம், அல்லது எங்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்வார்கள். எந்த எண்ணில், எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்பதைக் குறித்துவையுங்கள். இரண்டாம் படியில் தேதி, முத்திரை, கையொப்பம் வாங்காமல் வெளியே வராதீர்கள். “வச்சிட்டுப் போங்க, பாத்துக்கறோம்” என்று சொன்னால், பணிவாக, “ஐயா, ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க” என்று நின்று கேளுங்கள். மறுத்தால் அதே கடிதத்தை மாவட்ட வன அலுவலருக்கு ஒப்புகையோடு தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கொம்பு போய்விடும், அந்தத் தாள்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. கெடு தாண்டி மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறது என்றால், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, அவர் மூலமாக ஒப்படைப்பது பாதுகாப்பானது. தானே முன்வந்து ஒப்படைத்தவரையும் சோதனையில் பிடிபட்டவரையும் அதிகாரிகளும் நீதிமன்றமும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

பிடிபட்டுவிட்டால்

உங்கள் பெயரையும் முகவரியையும் மறைக்காமல் சொல்லுங்கள். அடையாள அட்டையைக் காட்டுங்கள். அழைப்பாணை வந்தால் இவர் வருவார் என்று அலுவலர் நம்பும்படி இருப்பது அந்த இடத்திலேயே கைதைத் தவிர்க்க உதவும். பிரிவு 50 அதற்கு இடம் வைத்திருக்கிறது. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், நீங்கள் விரும்பும் வழக்கறிஞரைக் கலக்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். அரசியலமைப்புச் சட்டம் பிரிவு 22 தரும் உரிமைகள் இவை. கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலை இருக்கக் கூடாது, ஆனாலும் கேளுங்கள்.

கைப்பற்றியதற்கான மகஜரில் கொம்பின் எண்ணிக்கை, நீளம், நிலை, எடுத்த இடம் சரியாக எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர் வாசித்துக் காட்டச் சொல்லலாம். வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டாம். காவல்துறையிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று கேள்விப்பட்டு, வன அலுவலரிடம் எழுதிக்கொடுப்பதும் அப்படித்தான் என்று சிலர் இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அது பெரிய பிழை. உரிய நிலையில் உள்ள வன அலுவலர் குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியத்துக்கு இந்தச் சட்டம் மதிப்புக் கொடுக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வழக்கறிஞர் வரும்வரை அதற்குமேல் எழுதித்தர வேண்டியதில்லை.

சிறிய மீறல்களைச் சமரசத் தொகை பெற்று முடிக்கப் பிரிவு 54 வழிசெய்கிறது. அந்தத் தொகை இப்போது 5 லட்சம் ரூபாய் வரை போகலாம். குறைந்தபட்சச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட குற்றங்களுக்கு இந்த வழி கிடையாது. அந்த அதிகாரம் உயர்நிலை அலுவலர்களுக்கே உண்டு. எழுத்தில் ஆணையும் ரசீதும் தர வேண்டும். ரோட்டோரத்தில் ரசீது இல்லாமல் கேட்கும் பணம் சமரசத் தொகை அல்ல, லஞ்சம். ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகத்தில் புகார் கொடுக்கலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பவர்கள் 15100 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். அது தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் கட்டணமில்லா எண். மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள்.

தாத்தா காலத்துக் கொம்பு

பழைய வீடுகளில் கூடத்துச் சுவரில் மான் தலை இருக்கும். சிலம்பக் கூடங்களில் மடுவு என்னும் மான் கொம்பு ஆயுதம் தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கும். முன்பு அதை வெளிமான் கொம்பில் செய்தார்கள். இவற்றுக்கு உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. 2003-இல் மத்திய அரசு 180 நாள் அவகாசம் கொடுத்து, வைத்திருப்பவர்கள் தெரிவித்துச் சான்று பெற்றுக்கொள்ளலாம் என்றது. அந்தக் கதவு அப்போதே மூடிவிட்டது. சான்று இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அதை வைத்துக்கொண்டு விற்க முடியாது. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து எடுத்துப்போனால் 30 நாளுக்குள் அங்குள்ள தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சான்றுள்ள பொருள் வாரிசாக உங்களுக்கு வந்தால் 90 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். வைத்துக்கொள்ள விருப்பம் இல்லையா? 2022 திருத்தம் சேர்த்த பிரிவு 42அ-வின்படி, 7 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்படைத்துவிடலாம், இழப்பீடு கிடையாது.

சான்றே இல்லாத பொருளுக்கு இந்த எளிய வழிகள் எதுவும் பொருந்தாது. வழக்கறிஞரோடு மாவட்ட வன அலுவலரைப் பார்ப்பதுதான் வழி. வீட்டை விற்கும்போது, பழைய சாமான் வியாபாரி “இதுக்கு நல்ல விலை தர்றேன் சார்” என்று கேட்கும்போது, பலர் தடுக்கி விழுகிறார்கள். சிலம்ப ஆசான்களுக்கு ஒரு வேண்டுகோள்: இன்று மரத்திலும் உலோகத்திலும் அருமையான மடுவு செய்கிறார்கள். மாணவர் கையில் அதைக் கொடுங்கள்.

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் உறவினர், “இங்க நாங்க கொம்பு பொறுக்கத்தான் போவோம்” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கே பல இடங்களில் அது அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்குதான். அங்கும் வரம்பு உண்டு. வயோமிங் மாநிலத்தின் மேற்குப் பகுதிப் பொது நிலங்களில் ஜனவரி முதல் ஏப்ரல் முடிய கொம்பு பொறுக்கத் தடை. பனிக்காலத்தில் மெலிந்திருக்கும் மான்களை மனிதர் துரத்தி அலைக்கழிக்கக் கூடாது என்பதற்காக. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து எப்போதும் எடுக்கக் கூடாது. அங்கே பொறுக்கிய கொம்பை நினைவுப் பரிசாகப் பெட்டியில் வைத்து இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவையுங்கள். எந்த நாட்டு மான் என்று சுங்க அலுவலரிடம் விளக்கிக்கொண்டு நிற்பது சுகமான வேலை அல்ல.

கொம்பைத் தேடவென்றே பாதையை விட்டு இறங்குபவர்களுக்கு உடலுக்கும் ஆபத்து உண்டு. மான் மேயும் புதரில் யானையும் காட்டெருதும் இருக்கும். புல்வெளிச் சிற்றுண்ணி கடித்தால் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் வரலாம். கடித்த இடத்தில் சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருக்கலாம். காட்டுக்குப் போய்வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், போய்வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் சிகிச்சை தாமதமாகி உயிருக்கே உலை வைக்கும். அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைவதே தனிக் குற்றம் என்பதையும், 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ எத்தனை மலையேறிகளைப் பலி கொண்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

வனத்துறையிடம் கேட்க ஒன்று இருக்கிறது. காட்டு வாசல்களில் நெகிழிப்பை கொண்டுவராதே, தீ மூட்டாதே, விலங்குக்கு உணவு கொடுக்காதே என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதில் இன்னொரு வரி வேண்டும்: உதிர்ந்த கொம்பை எடுக்கக் கூடாது, எடுத்திருந்தால் இந்தச் சாவடியில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். மலைக்கிராமங்களில் அதைப் பலகையாக வைப்பதோடு நிறுத்தாமல், வாரச்சந்தையிலும் நியாயவிலைக் கடை வரிசையிலும் ஆள் வைத்துச் சொல்ல வேண்டும். ஒப்படைக்க வருகிறவரை உட்காரவைத்து, பெயர் எழுதி, ரசீது கொடுத்து அனுப்பும் வழக்கம் ஒவ்வொரு சரக அலுவலகத்திலும் வர வேண்டும். கொம்பைக் கொண்டுவந்து கொடுத்தால் கேஸ் போட்டுவிடுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை, அந்தக் கொம்பு இடைத்தரகர் கைக்குத்தான் போகும்.